மட்கார்டுச் சேறு

ஏலக்காய்க் காட்டுச் சேற்றைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். வயல் சேறு தண்ணீரைக் கண்டால் கரைந்து ஓடிவிடும். மலைச் சேறு லேசில் விடாது. இலை மக்கி, வேர் மக்கி, பிசின் மாதிரி ஆகி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குடித்தனக்காரன் மாதிரிதான். தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும், இடுக்கில் குச்சி விட்டுக் குடைய வேண்டும், கடைசியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அப்புறம்தான் தகரம் கண்ணுக்குத் தெரியும்.

மழைக்காலம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு அதுதான் சோலி. பகலெல்லாம் போடியில் ஒரு கமிஷன் கடைக் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்குவேன். பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று பிரித்துப் போடுகிற வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் அந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் குட்டையில் புரண்ட எருமை மாதிரி நிற்கும். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் காசிமாயன் அதைவிடக் கேவலமாக நிற்பார். அவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு முதலாளியின் ஏலக்காட்டில் கங்காணி. ஆறு நாள் அங்கே கூலியாட்கள் தங்குகிற லயத்தில் கிடந்துவிட்டு, காட்டுப் பாதையில் வழுக்கி விழுந்து எழுந்து, மலை ரோட்டு வளைவெல்லாம் இறங்கி வந்து சேர்வார்.

"நான் கழுவிக்கிறேன். நீங்க போயிப் படுங்க" என்பேன்.

தெருவே என்னை மெச்சும். பக்கத்து வீட்டு ராக்கு தன் மருமகளைக் கூப்பிட்டு, "பாருடி, புருசன் வண்டியக்கூடப் பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுறா" என்பாள். எனக்கு வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து தேய்ப்பேன். புருஷன் மேல் உள்ள பிரியத்தில் அந்த வண்டியை நான் ஒரு நாளும் கழுவியதில்லை. பின் மட்கார்டுச் சேற்றுக்குள் என் அக்கா வேலுத்தாயின் சாப்பாடு இருந்தது.

அக்காவும் அதே காட்டில்தான் காய் எடுத்தாள். சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரத்தில் உட்கார்ந்தபடியே செடிக்குச் செடி நகர்ந்து, முழங்கால் இரண்டும் வீங்கிப்போகிற வரைக்கும் எடுத்தாள். சாயங்காலம் நிறை போடும்போது பெண்கள் எல்லாரும் கங்காணி முன்னால் மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். அது அங்கே உள்ள வழக்கம். எண்பத்தோராம் வருஷம் ஒரு நாள் அக்கா உதறியபோது ஒரு கைப்பிடிக் காய் கீழே விழுந்தது. மகள் வளைகாப்புக்குப் பாயசத்தில் போட எடுத்து வைத்திருந்தாள். ஒரு கைதான். கண்டும் காணாத மாதிரி கங்காணி அதைக் காலால் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொந்தக்காரி என்று விட்டுவிட்டான் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று, எங்கள் வீட்டுக்காரர் மற்றவர்களுக்குக் காட்டுவதைவிட இரண்டு பங்கு கண்டிப்பைக் காட்டினார். அன்றைக்கே அக்காவை மலை இறக்கிவிட்டார்கள். ஒரு காட்டில் திருடி என்று இறக்கிவிட்டால் இன்னொரு காட்டில் சேர்க்க மாட்டார்கள்.

முதலாளிக்குப் புல்லரித்துப் போய்விட்டது. "சொந்த மதினின்னும் பாக்காமப் பிடிச்சுக் குடுத்தான்யா, இவன்ல ஆளு" என்று சொல்லி, தான் ஓட்டிக்கொண்டிருந்த ராஜ்தூத்தை இவர் கையில் கொடுத்தார். காட்டுக்குப் போகவர இதை வைத்துக்கொள் என்றார். அந்த வண்டி எங்கள் வாசலுக்கு வந்த கதை அதுதான். முதல் தடவை அதைக் கொண்டுவந்து நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று இவர் கேட்டபோது, உள்ளே போய் அடுப்பை ஊதினேன். புகையில்லாத அடுப்பை அவ்வளவு நேரம் ஊதிய பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா சிலமலையில் ஒரு குடிசையில் முடங்கிக் கிடந்தாள். மகள் புருஷன் வீட்டோடு போய்விட்டாள். அக்காவோடு ஒரே வரிசையில் காய் எடுத்த குருவம்மாள் அந்த வருஷம் ஸ்டோருக்கு மாறியிருந்தாள். பச்சைக் காயைச் சூட்டில் காயப்போடுகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். ஒரு தடவை திருவிழாவுக்கு மலையை விட்டு இறங்கியவள் என் காதில் ஒரு யோசனை சொன்னாள். முதலில் வேண்டவே வேண்டாம் என்றேன். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, காய்ந்த ஏலக்காயைத் திணித்து, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிடுவாள். இவர் புறப்படுகிற நேரத்தில், ஸ்டோருக்குப் பின்னால் நிற்கிற வண்டியின் பின் மட்கார்டுக்குள்ளே, சீட்டுக்குக் கீழே தகரம் வளைகிற இடத்தில் அதைச் செருகி, மேலே சேற்றை அப்பிவிடுவாள். சேற்றோடு சேறு. அங்கே நான் சேற்றை முழுசாக எடுக்கவே மாட்டேன். டியூப் ஆடாமல் உட்கார ஒரு படுக்கை வேண்டும் என்று கொஞ்சம் விட்டு வைப்பேன். அது இறுகி இறுகிக் குளவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் ஜீப்பை நிறுத்தி மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்ப்பார்கள். கங்காணி வண்டிக்குக் கையை ஆட்டி வழி விடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர்.

வாசம் வராதா என்று கேட்கலாம். போடியில் எதில்தான் அந்த வாசம் இல்லை? இவர் சட்டையில் ஏலக்காய், தலைமுடியில் ஏலக்காய், என் கையில் ஏலக்காய். எங்கள் வீட்டு ரசத்தில்கூட அதுதான் மணக்கும். வெளியூர்க்காரன் யாராவது வண்டியை மோந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். எங்களுக்கெல்லாம் மூக்கு செத்து வருஷக்கணக்காகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் சிலமலைக்குப் பஸ் ஏறி அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவேன். அவள் அதை வைத்து அரிசியோ மருந்தோ வாங்கிக்கொள்வாள். திருட்டுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கைப்பிடிக் காய்க்காக என் அக்காவைப் பிடித்துக் கொடுத்து வாங்கிய வண்டியே அவளுக்குச் சோறு சுமந்து வருகிறது என்று நினைக்கிறபோது, அந்த இடுப்பு வலியிலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. லயத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரியாதவர் அந்த வண்டியை ஓட்டியவர் மட்டும்தான்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், ஆயுத பூசைக்கு முதல் நாள் இவர் மலையை விட்டு இறங்கி வந்தார். மறுநாள் போடியில் முதலாளி வீட்டில் காட்டு வண்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். ஜீப்புகளோடு எங்கள் ராஜ்தூத்தும் அங்கே நிற்க வேண்டும். மலையில் விடாத மழை. வண்டி எது, ஆள் எது என்று தெரியவில்லை. இறங்கும்போது கால் மடங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் இடுக்கில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"வென்னி வச்சிருக்கேன். குளிச்சிட்டுப் படுங்க. நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"இல்ல. இன்னைக்கு நானே கழுவுறேன். மட்கார்டு ரெண்டையும் கழட்டிருவோம். போன வருசமே முதலாளி குனிஞ்சு பாத்துட்டு, அடியில என்னடா இம்புட்டுச் சேறுன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. வெரசா ஸ்பேனரக் கொண்டா."

சொந்த மதினியை அத்தனை பேர் நடுவில் நிறுத்தியவர். பெண்டாட்டியை மட்டும் விட்டுவிடுவாரா என்ன? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அது தெரியாமல் போனதே பயத்தைவிட அதிகமாக வலித்தது.

"நிக்கவே முடியல, இதுல கழட்டப் போறீகளாக்கும். மொதல்ல காப்பியக் குடிங்க" என்றேன். காப்பியைக் குடித்தார். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு வைத்தேன். வைக்க விட்டார். சோறு போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று எழுந்து, ஸ்பேனரை அவரே தேடி எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க முன்பக்கத்தப் பாருங்க. நான் பின்னாடி பாக்குறேன். ரெண்டு பேருஞ் சேந்தா சட்டுன்னு முடிஞ்சிரும்" என்றேன்.

சரி என்று முன் சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் பின் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தேன். இருவரும் சேர்ந்து அந்த வண்டியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீரை ஊற்றி அவர் சேற்றைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கையை மட்கார்டுக்குள் விட்டேன். கூடு இருந்தது. டியூப் இல்லை.

மறுபடியும் துழாவினேன். வெறும் கூடுதான். கொஞ்ச நேரம் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. நடுவாரத்தில் இறங்குகிறார் என்பதால் குருவம்மாள் இந்தத் தடவை வைக்கவில்லை போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, வழியில் விழுந்து எந்த வளைவில் கிடக்கிறதோ என்று தோன்றியது.

"அன்னக்கொடி" என்று முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"ம்."

"குருவம்மாளப் பிடிச்சுட்டேன்டி."

நார் கையிலிருந்து நழுவிவிட்டது.

"பொறப்படலாம்னு வண்டிகிட்டப் போறேன். வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கா. கையில சைக்கிள் டியூப்பு. கட்டிக்கிட்டு இருக்கா. அவுத்துப் பாத்தா அம்புட்டும் நயம் காயி." எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து அந்த டியூப்பை எடுத்து எனக்குக் காட்டினார். எனக்குக் காட்ட வேண்டிய பொருளா அது? "யாருக்குக் கொண்டு போறன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. பின்வழியா ஆள விட்டு அனுப்புறாபோல. நாளைக்குப் பூசையில முதலாளி கையில குடுத்துற வேண்டியதுதான். இவளையும் எறக்கித்தான் ஆகணும்."

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் விளங்கல. சிரிச்சா." மறுபடியும் உட்கார்ந்து சக்கரக் கம்பிகளைத் தேய்த்தார். "பிடிச்ச உடனே என்னையும் பாத்தா, வண்டியையும் பாத்தா, சிரிச்சுட்டா. மழையில பாத்துப் போங்க கங்காணின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. வழியெல்லாம் அதேதான் ஓடுது மண்டைக்குள்ள. என்னத்துக்குடி சிரிச்சிருப்பா?"

குருவம்மாளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் ஸ்டோருக்கு விறகு வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து செத்துவிட்டான். லயத்தில் ஒரு அறை, அதுதான் அவளுக்கு ஊர், வீடு எல்லாம். என் பெயரை அவள் சொல்லியிருந்தால் இவர் அந்த டியூப்பை அங்கேயே புதைத்திருப்பாரோ என்னவோ. சொல்லவில்லை. சிரித்திருக்கிறாள்.

"எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார் இவர். யாரிடமோ பேசுகிற மாதிரி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் வர்றதப் பாத்தா லயத்துல பேச்சு நின்னு போகுது. அடுப்புகிட்ட உக்காந்தா எல்லாம் எந்திரிச்சிருதுக. சோலையம்மான்னு ஒரு கெழவி, முந்தியெல்லாம் கட்டஞ்சாயா கொண்டாந்து குடுக்கும். இப்பக் குடுக்குறதில்ல. ஒத்தையிலதான் திங்கிறேன், ஒத்தையிலதான் கெடக்கேன். மதினிய எறக்குன அன்னைக்கிருந்து இப்படித்தான். விட்டாத் திருட்டுக்குத் தொண, பிடிச்சா இந்தக் கதி. என்னதான் செய்யச் சொல்றாக?"

அக்கா பேச்சை அவர் வாயால் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"முன்னாடி ஆச்சு" என்று எழுந்தார். "தள்ளு, பின் மட்கார்டக் கழட்டிருவோம்."

என் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தூக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் அந்த வாளியை மட்கார்டுக்கு அடியில் அடித்து, கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும். கூடு கரைந்து தெருச் சாக்கடையில் போய்விடும். கங்காணி வீட்டு அன்னக்கொடி நல்ல பொம்பளையாகவே இருப்பாள். ராக்கு தன் மருமகளிடம் என்னைக் காட்டிக்கொண்டே இருப்பாள். நாளைக்கு இந்த வண்டிக்கு மாலை போடுவார்கள். குருவம்மாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சட்டிபானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்குவாள். வாய் திறக்க மாட்டாள்.

வாளியைக் கீழே வைத்தேன்.

"இங்கன கைய விட்டுப் பாருங்க" என்றேன்.

"என்னது?"

"விட்டுப் பாருங்க."

குனிந்து கையை விட்டார். விரல்கள் அந்தக் கூட்டில் போய் நின்றன. அப்புறம் தரையில் முழங்காலை ஊன்றித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் தெரிந்திருக்கும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்த அச்சு மாதிரி வழவழவென்று இருக்கும் அது. பிறகு பையை எட்டி எடுத்து, அந்த டியூப்பை அதில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

வண்டியைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த நாரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"வாராவாரம் நீதான கழுவுற" என்றார்.

"ஆமா."

"யாருக்கு?"

"சிலமலைக்கு."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு மடியெல்லாம் உதறச் சொல்லிக்கிட்டு, அப்ப நாந்தான் சொமந்தேனா?"

"நீங்கதான் சொமந்தீக" என்றேன். "அக்காவ எறக்கிவிட்டு வாங்குன வண்டியிலதான் அவளுக்குச் சோறு வந்துச்சு. என்னைய என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. குருவம்மா மேல கைய வைக்காதீக. இதச் சொல்லிக் குடுத்தது அவதான், ஆனா இத்தன நாளும் எடுத்து ஒளிச்சது நான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. குருவம்மாள் சிரித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல். பிறகு சேறு படிந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கைக்குள் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய்த் தொட எனக்குத் தைரியம் இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். டியூப்பை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். முன் பாதி பளபளவென்றும் பின் பாதி சேறாகவும் நின்றது அது.

"எங்க போறீக?"

"முதலாளி வீட்டுக்கு."

"யாரு பேரச் சொல்லப் போறீக?"

"யாரு வண்டியில வந்துச்சோ, அவன் பேர" என்றார்.

வண்டியை உதைத்துக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே தெருவில் நடந்தார். எதிர் வீட்டு வாசலில் நின்ற ராக்கு, "என்ன கங்காணி, பாதி கழுவிட்டுப் பாதிய விட்டுட்டீக?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. நான் வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் விளக்கு ஏற்றக்கூடத் தோன்றவில்லை. ஓடிப் போய்த் தடுத்திருக்கலாம். வேண்டாங்க, என் பெயரைச் சொல்லுங்க என்று கத்தியிருக்கலாம். அவர் போய்க்கொண்டிருந்த நடையைப் பார்த்தபோது அதற்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்த மனுஷனை எனக்குக் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வெறும் கையோடு வந்தார்.

"வண்டி?"

"குடுத்துட்டேன். சாவியையும் டியூப்பையும் குடுத்துட்டேன். இத்தன நாளும் நாந்தான் கொண்டு வந்தேன்னு சொன்னேன்."

"கத்துனாரா?"

"இல்ல. சேறோட நின்ன வண்டியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. இவன்ல ஆளுன்னு ஊரெல்லாம் சொன்னவரு, இப்ப யாருகிட்டச் சொல்வாரு? வெளிய சொல்லாதே, காட்டுப் பக்கம் வராதேன்னுட்டாரு." வாசல் கல்லில் உட்கார்ந்தார். "குருவம்மா பேரு வரல. பூசை கழிஞ்சா அவ பாட்டுக்கு ஸ்டோருக்குப் போவா."

இனி அவரையும் எந்தக் காட்டிலும் சேர்க்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவை இறக்கிவிட்ட அதே மலையிலிருந்து அவரும் இறங்கிவிட்டார். வேறு யாரும் தள்ளிவிடாமல், தானாகவே.

"ஞாயித்துக்கெழம சிலமலைக்குப் போவல்ல?" என்று கேட்டார்.

"போவேன். ஆனா இந்தத் தடவ வெறுங்கையோடதான் போகணும்."

"நானும் வர்றேன். மதினி என்னைய வாசல்ல நிக்க விடுமா?"

விடுவாள் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. என் அக்காவை எனக்குத் தெரியும். "தெரியாது. வந்து நின்னு பாருங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். வண்டிக்கென்று நிரப்பிய வாளி அங்கேயே இருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதுகு, பிடரி, காதுக்குப் பின்னால் எல்லாம் காய்ந்த சேறு. தண்ணீரை ஊற்றினேன். அவர் உடம்பு குளிரில் சிலிர்த்தது. வண்டி தேய்க்கிற நார்தான் கைக்குக் கிடைத்தது. அதை எறிந்துவிட்டு, கையாலேயே தேய்க்க ஆரம்பித்தேன். மலைச் சேறு, லேசில் போகவில்லை.